வீட்டு இசை சர்வர் இணையவில்லை என்றால் உடனே ஃபார்மட் செய்யாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நான் இராமநாதபுரம் மாவட்டத்தில் உள்ள மண்டபம் என்னும் ஊரில் வசிப்பவன். தொலைபேசித் துறையில் லைன்மேனாகச் சேர்ந்து, இணைப்பகத்தில் பழுது பார்க்கும் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். தங்கச்சிமடத்தில் இருக்கும் என் பெரியம்மா மகன், அண்ணன் என்றே நான் அழைக்கும் மூத்தவர், தம் வீட்டில் பாட்டுக் கேட்பதற்காக வைத்திருந்த இசை சர்வர் என்னும் சிறு கணினி திடீரென்று கைப்பேசியோடு இணையாமல் போனதால், அதைச் சென்ற மாதம் ஒரு பழுது நீக்கும் கடையில் கொடுத்தார். மறுநாள் அது நன்றாக வேலை செய்யும் நிலையில் திரும்பி வந்தது. ஆனால் அதில் அவர் சேர்த்து வைத்திருந்த பாட்டுகளில் ஒன்றுகூட இல்லை. கடையில் ஹார்டு டிஸ்க்கை ஃபார்மட் செய்துவிட்டார்கள்.

போனவை கடையில் வாங்கக்கூடிய பாட்டுகள் அல்ல. என் பெரியப்பா கரைவலை இழுக்கும்போது பாடிய அம்பாப் பாட்டுகளை, அவர் உடல் தளர்ந்து வீட்டோடு இருந்த நாட்களில், 1990-களின் தொடக்கத்தில், அண்ணன் ஒரு டேப் ரெக்கார்டரில் பதிவு செய்திருந்தார். அந்த நாடாக்களைக் கணினியில் ஏற்றிக் கொடுத்தவன் நான். அதற்குப் பிறகு நாடாக்கள் பூஞ்சை பிடித்துக் கெட்டுப்போனதால் அவற்றை எறிந்துவிட்டார்கள். எனவே பெரியப்பாவின் குரல் இருந்த ஒரே இடம் அந்த ஹார்டு டிஸ்க்தான்.

கடையின் பெயரை எழுதுவது என் நோக்கம் அன்று. அங்கே வேலை செய்யும் இளைஞர் கெட்ட எண்ணத்தோடு எதையும் செய்யவில்லை. அவருக்குக் கற்றுக்கொடுக்கப்பட்ட ஒரே வைத்தியம் அதுதான் என்பது அவரோடு பேசியபோது எனக்கு விளங்கியது. வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்ற நல்லெண்ணத்தில், தம் சேகரிப்பிலிருந்து நூற்றுக்கணக்கான திரைப்பாடல்களையும் அதில் ஏற்றிக் கொடுத்திருந்தார். உண்மையில் ஃபார்மட் செய்ததைவிட அதுவே பெரிய இழப்பாக முடிந்தது. விரைவாகச் செய்யப்படும் ஃபார்மட்டில் பெரும்பாலும் அழிவது எந்தக் கோப்பு எங்கே இருக்கிறது என்னும் அட்டவணை மட்டுமே. ஒலிப்பதிவுகள் டிஸ்க்கில் அப்படியே கிடக்கும். அவற்றின் மேல் புதிதாக எதையும் எழுதாமல் இருந்தால் ஃபோட்டோரெக் போன்ற இலவச மீட்பு மென்பொருளைக் கொண்டு பெரும்பகுதியை எடுத்துவிடும் வாய்ப்பு உண்டு. நான் இரண்டு இரவுகள் முயன்றும், பெயரில்லாத இரண்டு துண்டுகள்தாம் மிஞ்சின.

இதில் என்னைத் தூங்கவிடாமல் செய்வது வேறொன்று. அதே வாரத்தில் அதே பழுது என் வீட்டிலும் ஏற்பட்டது. இரு வீடுகளுக்கும் இணைய இணைப்புத் தருவது ஒரே நிறுவனம். இரு வீடுகளிலும் இருப்பது ஒரே வகை ரூட்டர். இசை சர்வரை இரு வீடுகளிலும் ஒரே விதமாக அமைத்ததும் நான்தான். நிறுவனம் ஓர் இரவில் ரூட்டரின் மென்பொருளைத் தொலைவிலிருந்தே அப்டேட் செய்தது. விடிந்தபோது பாட்டு நின்றிருந்தது. என் வீட்டில் அதைச் சரிசெய்ய ஒரு பிற்பகல் போதுமானதாக இருந்தது. சின்ன விஷயத்துக்கு எதற்குத் தொந்தரவு தர வேண்டும் என்று அண்ணன் என்னை அழைக்காமலே கடைக்குப் போய்விட்டார். கீழக்கரையிலும் தொண்டியிலும் இராமேசுவரத்திலும் இப்படிப்பட்ட சிறு சர்வர்களை வைத்திருக்கும் குடும்பங்களை நான் அறிவேன். அவர்களுக்கும் இது நேரக்கூடும் என்பதால், நான் செய்தவற்றைத் தங்கள் நாளிதழ் வழியாக விரிவாகவே சொல்ல விரும்புகிறேன்.

என் வீட்டு அமைப்பு எளியது. உள்ளங்கை அகலத்தில் ஒரு ராஸ்பெரி பை 4 சிறு கணினி, அதனோடு யூ.எஸ்.பி. வழியாக இணைந்த ஒரு ஹார்டு டிஸ்க், அதிலிருந்து ரூட்டருக்கு ஒரு லேன் கேபிள். அந்தக் கணினியில் லைரியன் மியூசிக் சர்வர் என்னும் இலவச மென்பொருள் ஓடுகிறது. இது முதலில் ஸ்லிம் டிவைசஸ் என்னும் சிறு நிறுவனத்தில் உருவானது. 2006-இல் அந்நிறுவனத்தை லாஜிடெக் வாங்கியது; 2012-இல் அதனோடு இணைந்து பாட்டை ஒலிக்கச் செய்யும் ஸ்க்வீஸ்பாக்ஸ் கருவிகளின் விற்பனையை நிறுத்தியது; 2024-இல் அதன் இணையச் சேவையும் மூடப்பட்டது. அதற்குப் பிறகும் தன்னார்வலர்கள் புதிய பெயரில் இம்மென்பொருளைப் பேணி வருகிறார்கள். நிறுவனம் கைவிட்ட பின்னும் வீட்டில் இருக்கும் பாட்டு வீட்டிலேயே ஒலிக்கிறது என்பதால்தான் நான் இதைத் தேர்ந்தெடுத்தேன்.

என் டிஸ்க்கில் இருப்பவற்றுள் நான் உயிராக மதிப்பது என் அத்தையின் தாலாட்டும் ஒப்பாரியும் அடங்கிய ஒரு தொண்ணூறு நிமிட ஒலிநாடாவின் பதிவு. அத்தை தனுஷ்கோடியில் பிறந்து வளர்ந்தவர். 1964 டிசம்பர் 22 இரவு அந்த ஊரைப் புயல் கொண்டுபோனபோது, உறவினர் வீட்டு விசேஷத்துக்காக மண்டபம் வந்திருந்ததால் அவர் தப்பினார். வீடு, பாத்திரம், ஒரே ஒரு குடும்பப் புகைப்படம் என்று எல்லாம் கடலோடு போயின. அவருடைய தாயாரிடமிருந்து அவருக்கு வந்து சேர்ந்தவற்றில் மிஞ்சியவை அந்தப் பாட்டுகள் மட்டுமே. தரம் குறையாமல் சேமிக்க வேண்டும் என்பதற்காக அதை எம்.பி.3 ஆக்காமல் ஃப்ளாக் வடிவில் வைத்திருக்கிறேன். அன்று காலை கைப்பேசியில் ‘சர்வர் கிடைக்கவில்லை’ என்ற வரியைப் பார்த்தபோது எனக்குக் கை நடுங்கியதை மறைக்க விரும்பவில்லை.

ஆனாலும் பழைய தொழில் கைகொடுத்தது. தொலைபேசி டெட் என்று புகார் வந்தால் நாங்கள் ஒருநாளும் இணைப்பகத்தைப் பிரித்துப் போட்டதில்லை. இணைப்பகத்தில் எல்லா லைன்களும் வந்து சேரும் எம்.டி.எப். சட்டத்தில் நின்று லைனைச் சோதிப்போம். அங்கே சரியாக இருந்தால் தெருவோரத்தில் இருக்கும் பில்லர் என்னும் இணைப்புப் பெட்டிக்குப் போவோம். அதுவும் சரியென்றால் கம்பத்திலிருந்து வீடுகளுக்கு லைனைப் பிரித்துத் தரும் டி.பி. பெட்டிக்கு ஏறுவோம், கடைசியில்தான் வீட்டுக்குள் நுழைவோம். எந்த இடம்வரை உயிர் இருக்கிறது என்று தெரிந்துகொள்ளாமல் எதையும் மாற்றுவதில்லை. இசை சர்வருக்கும் இந்த முறை அப்படியே பொருந்தும். பாட்டு டிஸ்க்கில் இருக்கிறது. டிஸ்க்கைச் சிறு கணினி படிக்கிறது. கணினியை ரூட்டர் மற்றவற்றோடு சேர்க்கிறது. கைப்பேசி அதைக் கேட்டு வாங்குகிறது. கைப்பேசியில் பாட்டு வரவில்லை என்பதிலிருந்து டிஸ்க் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுவது, வீட்டுத் தொலைபேசி ஒலிக்கவில்லை என்பதற்காக இணைப்பகமே எரிந்துவிட்டது என்று எண்ணுவதற்கு ஒப்பாகும்.

முதலில் சிறு கணினியின் லேன் துளையில் விளக்கு மின்னுகிறதா என்று பார்த்தேன், மின்னியது. அடுத்து, கைப்பேசியின் வைஃபை விவரங்களைத் திறந்து அதற்கு ரூட்டர் கொடுத்திருக்கும் முகவரியைப் பார்த்தேன். 192.168.0.7 என்று இருந்தது. என் குறிப்பேட்டில் சர்வருக்கு நான் எழுதி வைத்திருந்த முகவரியோ 192.168.1.50. மூன்றாவது எண்ணைக் கவனியுங்கள்: ஒன்றில் 0, மற்றொன்றில் 1. பழுது முழுவதும் அந்த ஓர் எண்ணில் அடங்கியிருந்தது.

வீட்டில் உள்ள ஒவ்வொரு கருவிக்கும் ரூட்டர் ஒரு முகவரியை இரவலாகக் கொடுக்கிறது. கைப்பேசி, தொலைக்காட்சி எல்லாம் அப்படிக் கேட்டு வாங்கிக்கொள்பவை. முகவரி அடிக்கடி மாறினால் சர்வரைத் தேட வேண்டியிருக்கும் என்பதால், அதற்கு மட்டும் 192.168.1.50 என்று நான் கணினிக்குள்ளேயே நிலையாக எழுதியிருந்தேன். அந்த இரவில் வந்த அப்டேட், ரூட்டரை அதன் ஆலை அமைப்புக்குக் கொண்டுபோனதோடு, வீட்டு முகவரி வரிசையையும் 1 என்பதிலிருந்து 0 என்பதற்கு மாற்றிவிட்டது. மற்ற கருவிகள் எல்லாம் புதிய தெருவுக்குக் குடிபெயர்ந்துவிட, சர்வர் மட்டும் இல்லாத பழைய தெருவில், தன் கதவிலக்கத்தோடு, யாராவது வருவார்கள் என்று காத்திருந்தது. அதற்குள் இருந்த பாட்டுகளுக்கு எந்தக் குறையும் இல்லை.

அதை உறுதிப்படுத்திக்கொள்ள, சர்வரின் லேன் கேபிளை ரூட்டரிலிருந்து கழற்றி, நேராக என் மடிக்கணினியில் செருகினேன். மடிக்கணினியின் நெட்வொர்க் அமைப்பில் 192.168.1.20 என்ற முகவரியையும், முகவரியின் எந்தப் பகுதி தெருவைக் குறிக்கிறது என்று சொல்லும் 255.255.255.0 என்ற சப்நெட் மாஸ்க்கையும் கையால் எழுதினேன். அதாவது, நானும் அந்தப் பழைய தெருவுக்குப் போனேன். பிரவுசரில் 192.168.1.50 என்று எழுதி, ஒரு முக்காற்புள்ளி வைத்து, 9000 என்று தட்டியதும் சர்வரின் பக்கம் திறந்தது. பாட்டுகள் அனைத்தும் இருந்தன. 9000 என்பது அந்த மென்பொருள் பிரவுசருக்காகத் திறந்து வைத்திருக்கும் போர்ட், அதாவது வாசலின், எண். வேறு மென்பொருள் வைத்திருப்பவர்களுக்கு எண் வேறுபடும்: ஜெல்லிஃபின் என்றால் 8096, நேவிட்ரோம் என்றால் 4533, பிளெக்ஸ் என்றால் 32400. அத்தையின் தாலாட்டை ஒரு நிமிடம் ஓடவிட்டுக் கேட்ட பிறகுதான் மேற்கொண்டு வேலை செய்ய எனக்கு மனம் வந்தது.

பிறகு செய்தது மிகச் சிறியது. சர்வரில் நான் எழுதியிருந்த நிலையான முகவரியை நீக்கி, ரூட்டரிடமிருந்தே கேட்டு வாங்கிக்கொள்ளும்படி மாற்றி, கேபிளை மறுபடி ரூட்டரில் செருகி, மின்சாரத்தை நிறுத்திப் போட்டேன். ரூட்டரின் அமைப்புப் பக்கமும் 192.168.1.1 என்பதிலிருந்து 192.168.0.1 என்பதற்கு மாறியிருந்தது. கைப்பேசியின் வைஃபை விவரத்தில் கேட்வே என்று காட்டப்படும் எண் அதுவே. அந்தப் பக்கத்தில் இணைந்துள்ள கருவிகளின் பட்டியலில் சர்வரைக் கண்டுபிடித்து, அந்தக் கருவிக்கே உரிய அடையாள எண்ணான மேக் முகவரிக்கு எப்போதும் ஒரே எண்ணைக் கொடுக்கும்படி அங்கே முன்பதிவு செய்தேன். முகவரியைச் சர்வரில் எழுதுவதைவிட ரூட்டரில் முன்பதிவு செய்வதே நல்லது என்பது இப்போது என் உறுதியான கருத்து. நாளை மீண்டும் வரிசை மாறி, முன்பதிவே அழிந்து போனாலும், சர்வர் புதிய தெருவில் ஏதோ ஒரு வீட்டில் கட்டாயம் இருக்கும். பட்டியலைப் பார்த்தால் கிடைத்துவிடும். அண்ணன் வீட்டிலும் இப்படிச் செய்து வைத்திருந்தால், அவர் ஒருமுறை சர்வரை நிறுத்திப் போட்டதிலேயே பாட்டு வந்திருக்கும். இந்தப் பிழை என்னுடையது.

இத்தோடு முடியவில்லை. கைப்பேசியில் பாட்டு வந்தது. தொலைக்காட்சியில் மட்டும் சர்வர் தென்படவில்லை. இதற்குக் காரணம் வேறு. தொலைக்காட்சி போன்ற கருவிகள் முகவரியைத் தெரிந்துகொண்டு போவதில்லை. ‘இங்கே பாட்டுச் சர்வர் யாராவது உண்டா’ என்று வீட்டு நெட்வொர்க் முழுவதற்கும் ஒரு கூவல் விடுகின்றன. 239.255.255.250 என்னும் பொது முகவரியில் 1900-ஆம் போர்ட்டில் இந்தக் கூவல் நடக்கிறது. வைஃபையில் உள்ள கருவிகள் வீட்டின் மற்றக் கருவிகளோடு பேசக் கூடாது என்று தடுக்கும் ஐசொலேஷன் என்ற அமைப்பை ரூட்டரின் அப்டேட் இயக்கி வைத்திருந்தது. என் ரூட்டரில் அந்தத் தடை ஒரு வைஃபை பெயருக்கு மட்டும் போடப்பட்டிருந்தது. தொலைக்காட்சி அந்தப் பெயரில் இணைந்திருந்தது. தடையை எடுத்ததும் சர்வர் தெரிந்தது. பிரவுசரில் எண்ணை எழுதினால் திறக்கிறது, ஆனால் தானாகத் தேடும்போது கிடைக்கவில்லை என்றால், இந்தக் கூவல் எங்கோ தடுக்கப்படுகிறது என்று கொள்ளலாம்.

அப்டேட் ரூட்டருக்கு வராமல் சர்வர் கணினிக்கே வந்திருந்தால், கணினிக்கு வரும் கோரிக்கைகளை வடிகட்டும் ஃபயர்வாலைப் பார்க்க வேண்டும். விண்டோஸ் கணினியைச் சர்வராக வைத்திருப்பவர்கள், அப்டேட்டுக்குப் பின் வீட்டு நெட்வொர்க் ‘பப்ளிக்’ என்று குறிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்க்கட்டும். அப்படி இருந்தால் மற்றக் கருவிகளிலிருந்து வரும் கோரிக்கைகளைக் கணினி பெரும்பாலும் ஏற்காது. லைரியனுக்கு 9000 மட்டும் போதாது. பாட்டை ஒலிக்கச் செய்யும் கருவிகள் 3483 என்னும் போர்ட்டையும் நாடுகின்றன. ஐபோனில் 2020-இல் வந்த ஐ.ஓ.எஸ். 14 முதல், வீட்டு நெட்வொர்க்கில் உள்ள கருவிகளைத் தேட ஒவ்வொரு செயலிக்கும் தனி அனுமதி வேண்டும். அதைக் கேட்கும்போது வேண்டாம் என்று அழுத்தியிருந்தால், அமைப்பில் போய் அனுமதி தரும்வரை சர்வர் தெரியாது. கீழக்கரைப் பக்கம் வளைகுடா நாடுகளிலிருந்து விடுமுறைக்கு வருபவர்களின் கைப்பேசிகளில், இணையத் தொடர்பை வேறிடம் வழியாகத் திருப்பும் வி.பி.என். செயலி ஓடிக்கொண்டிருப்பதைப் பலமுறை கண்டிருக்கிறேன். அது ஓடும்போது கைப்பேசி வீட்டுக்குள் இருந்தாலும் வெளியூரில் இருப்பது போலவே நடந்துகொள்ளக்கூடும். அணைத்துவிட்டுப் பார்த்தால் போதும்.

நம் கரையோரத்துக்கென்றே உரிய இன்னொன்றும் உண்டு. உப்புக் காற்றில் லேன் கேபிளின் முனையில் உள்ள செம்புத் தகடுகள் பச்சை பூத்துவிடுகின்றன. மாதக்கணக்கில் நிற்காமல் ஓடிய கருவி, அப்டேட்டுக்காக ஒருமுறை நின்று எழும்போதுதான் இந்தப் பலவீனம் வெளிப்படும். பழியோ அப்டேட்டின் மேல் விழும். மின் அடாப்டரும் அப்படித்தான். ராஸ்பெரி பை 4-க்கு 5 வோல்ட், 3 ஆம்பியர் தேவை. பழைய கைப்பேசி சார்ஜரில் அது எப்படியோ ஓடிக்கொண்டிருந்தாலும், எழும்போது ஹார்டு டிஸ்க்கையும் சேர்த்துச் சுழற்ற மின்சாரம் போதாமல் டிஸ்க் எழாமலே நின்றுவிடலாம். அப்போது சர்வர் இணையும், ஆனால் பாட்டுப் பட்டியல் காலியாக இருக்கும். அதைக் கண்டு அஞ்ச வேண்டாம். பட்டியல் என்பது நூலகத்தின் அட்டவணை போன்றது. அட்டவணை வெறுமையானதால் புத்தகங்கள் எரிந்துவிட்டன என்று பொருள் இல்லை. டிஸ்க்கைக் கழற்றி ஒரு மடிக்கணினியில் செருகிப் பார்த்தால் உண்மை தெரிந்துவிடும்.

இவ்வளவையும் படித்தபின், அப்டேட்டே வேண்டாம் என்று யாரும் முடிவு செய்துவிடக் கூடாது. விண்டோஸ் கணினிகளில் கோப்புகளைப் பகிரப் பயன்பட்ட எஸ்.எம்.பி. 1 என்னும் பழைய முறையில் இருந்த ஓட்டை வழியாகத்தான் 2017 மே மாதத்தில் வான்னாக்ரை என்னும் தீய மென்பொருள் உலகெங்கும் பரவி, மருத்துவமனைகளின் கணினிகளைக்கூடப் பூட்டியது. அந்த ஆண்டின் பிற்பகுதியில் வந்த விண்டோஸ் 10 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவும்போது அந்தப் பழைய முறை இயல்பாக இடம்பெறுவதில்லை. அதனால் பழைய இசைப் பெட்டிகள் சில கணினியோடு பேச முடியாமல் போனது உண்மை. கதவை அடைத்ததற்குத் தக்க காரணம் இருந்தது என்பதும் உண்மை. என் குறை அடைத்ததைப் பற்றியது அன்று. சொல்லாமல் அடைப்பதைப் பற்றியது.

இணைய இணைப்பு தரும் நிறுவனங்கள், ரூட்டருக்கு அப்டேட் அனுப்புவதற்கு முந்தைய நாளே தமிழில் ஒரு குறுஞ்செய்தி அனுப்ப வேண்டும். அதில் வீட்டு முகவரி வரிசை மாறுமா, முன்பு செய்த அமைப்புகள் அழியுமா என்ற இரண்டு செய்திகள் இருந்தால் போதும். கட்டணம் செலுத்தக் கடைசி நாளைத் தவறாமல் நினைவூட்டுபவர்களுக்கு இது கடினமான வேலை அன்று. வாடிக்கையாளர் மையத்தை அழைத்தபோது, இணையம் வருகிறதா என்று மட்டும் கேட்டு, வருகிறது என்று நான் சொன்னதும் புகாரை முடித்துவிட்டார்கள். வீட்டுக்குள் ஒரு கருவியோடு மற்றொரு கருவி பேசுவதும் அவர்கள் கொடுத்த ரூட்டர் வழியாகத்தான் என்பதை அவர்கள் ஏற்க வேண்டும்.

பழுது நீக்கும் கடைக்காரர்களிடம் எனக்கு இருப்பது வேண்டுகோள்தான். ஃபார்மட் செய்வதற்கு முன், ‘இதில் உள்ள எல்லாம் அழிந்துவிடும், வேறு பிரதி இருக்கிறதா’ என்று உரிமையாளரிடம் நேரில் கேளுங்கள். ரசீதின் பின்புறத்தில் அவர் கையெழுத்தை வாங்குங்கள். கைப்பேசியோடு இணையவில்லை என்று கொண்டுவரும் சர்வருக்கு டிஸ்க்கைத் தொட வேண்டிய அவசியமே பெரும்பாலும் இருப்பதில்லை. ரூட்டர் வீட்டில் இருக்க, சர்வரை மட்டும் கடைக்குக் கொண்டுவந்தால், இணையாத காரணத்தை அங்கே கண்டுபிடிக்கவும் முடியாது. வீட்டுக்குப் போய்ப் பார்த்து அதற்கான கூலியை வாங்கிக்கொள்வதே முறை.

வீட்டில் இத்தகைய பதிவுகளை வைத்திருப்பவர்கள் இன்றே இன்னொரு ஹார்டு டிஸ்க்கில் ஒரு பிரதி எடுத்து, அதை வேறொரு வீட்டில் வையுங்கள். ஒரே வீட்டில் இரண்டு பிரதிகள் இருந்தால் வெள்ளமோ மின்னலோ இரண்டையும் சேர்த்தே கொண்டுபோகும். அத்தையின் பதிவுக்கு இராமநாதபுரத்தில் என் மகள் வீட்டில் ஒரு பிரதி உண்டு. பெரியப்பாவின் பதிவுக்கும் எடுத்துவிடலாம் என்று பல மாதங்களாகச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

சர்வரின் பெயர், அதன் முகவரி, போர்ட் எண், ரூட்டரின் பக்கத்துக்கான முகவரி, யாரை அழைக்க வேண்டும் என்பது ஆகிய விவரங்களை ஒரு தாளில் தமிழில் எழுதி, சர்வர் இருக்கும் அலமாரியின் உட்புறம் ஒட்டி வைத்திருக்கிறேன். அண்ணன் வீட்டிலும் சென்ற ஞாயிற்றுக்கிழமை ஒட்டினேன். மீட்டெடுத்த இரண்டு துண்டுகளும் இப்போது அங்கே இருக்கின்றன. ஒன்றில் பெரியப்பா ‘ஏலேலோ’ என்று தொடங்கும் இடம் வரைக்கும் கேட்கிறது.

இப்படிக்கு,
தங்கள் நீண்டநாள் வாசகர்,
மண்டபம், இராமநாதபுரம் மாவட்டம்.